கீமோ லைனோட வீட்ட வந்தாப் பிறகு

தெல்லிப்பழை புற்றுநோய் ஆசுப்பத்திரியில கீமோவுக்கு நெஞ்சிலயோ கையிலயோ லைன் (மருந்து ஏத்த ரத்தக்குழாய்க்க விடுற குழாய்) போட்டு வீட்ட விட்டாச்செண்டா முதல் வேலையா ஒரு தேமோமீற்றர் வாங்கி வையுங்கோ, நெத்தியில கை வச்சுப் பாக்கிறது சரிவராது. கீமோவால வெள்ளை அணு (கிருமியோட சண்டை பிடிக்கிற ரத்த அணு) குறைஞ்ச ஆக்களுக்கு லைன் வழிய கிருமி நேர ரத்தத்துக்க போகலாம், ஆனா லைன் போட்ட இடம் சிவக்காம, சீழ் வைக்காம வடிவா இருக்கலாம், அதில ஏமாறாதேங்கோ.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் வந்திட்டா, இல்லாட்டி லைனுக்கால மருந்து ஏத்தி கொஞ்ச நேரத்தில உடம்பு உதறினா, விடியட்டும் எண்டு இருக்காம இரவெண்டாலும் ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. பனடோல் குடுத்து காய்ச்சலை மறைக்காதேங்கோ, கொத்தமல்லி அவிச்சுத் தாறன் எண்டு அம்மம்மா நிண்டாலும் சரி. அங்க லைன்லயும் மற்றக் கையிலயும் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (ரத்தத்தில கிருமி இருக்கோ எண்டு பாக்கிற சோதனைக்கு) அனுப்பிப்போட்டு உடன அன்ரிபயோட்டிக் துவங்குவினம்.

கிணத்தடியில வாளியால அள்ளி ஊத்திற குளிப்பை கொஞ்ச நாளைக்கு மறந்திடுங்கோ (கஷ்டம்தான், அதுவும் இந்த வெயிலுக்கு). டிரெசிங் நனைஞ்சாலோ ஓரம் கிளம்பினாலோ அண்டைக்கே மாத்தோணும், வழமையா மாத்திற ஏழாம் நாள் வரட்டும் எண்டு இருக்கேலாது. மருந்து ஏத்த முதல் நேர்ஸ்மார் லைன் மூடியை ஸ்பிரிட் துணியால 15 செக்கன் தேய்ச்சு காயவிடுகினமோ எண்டு பாருங்கோ, மறந்தா கேளுங்கோ, கோவிக்க மாட்டினம்.