வாசல் கல்லில் பாசி: நான் செய்த தவறு நீங்கள் செய்யாதீர்கள்

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் வாசல் கற்கள் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். போன வருடம் அத்தை பால் வாங்கப் போனபோது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே நான் ஆசிட் பாட்டிலைக் கையில் எடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது.

சிமெண்ட் பேவர் பிளாக், கடப்பா கல் இரண்டிலும் ஆசிட் பட்டால் நுரைத்துப் பொங்கும். பாசி சாகிறது என்று நினைத்துவிடுவோம். நுரைப்பது கல்லில் இருக்கும் சுண்ணாம்பு. பாசியோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். மறுநாள் விரலால் தேய்த்துப் பார்த்தேன். மணல் உதிர்ந்தது, சின்ன ஜல்லி துருத்திக்கொண்டு நின்றது. அந்தச் சொரசொரப்பில் ஈரம் தங்கி, அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகப் பாசி பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். உப்பும் வேண்டாம். நம் ஊரில் எல்லாமே சரிவு. வாசலில் கொட்டுவது கீழே இருப்பவரின் கேரட் பாத்திக்குத்தான் போகும்.

பிரஷர் பம்பால் பீய்ச்சி அடித்தால் இடுக்கில் இருக்கும் மணல் போய் கற்கள் ஆட ஆரம்பிக்கும்.

பாசிக்கு வேர் கிடையாது, மெல்லிய இழைகளால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். தை, மாசியில் இரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்தால் ஓரம் சுருண்டுவிடும். அப்போது கொத்துக்கரண்டியைப் படுக்கையாக வைத்துத் தள்ளினால் அடை அடையாகப் பெயர்ந்து வரும். மிச்சத்துக்குக் கொதிக்கும் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். அப்புறம் இடுக்குகளில் காய்ந்த மணலை நிரப்புங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தண்ணீர் வரும் வழியை விட்டுவிட்டால் வேலை வீண். எங்கள் வீட்டில் தகரக் கூரையின் ஓரம் சொட்டிய இடத்தில்தான் பாசி கோடு போட்டது போல இருந்தது. அங்கே ஒரு தகரத் தூம்பு வைத்து, வாசலை மறைத்த சைப்ரஸின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தோம். மரத்தையே வெட்டலாம் என்று இறங்கிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும்.

தடுப்புச் சுவரில் இருக்கும் பாசியைச் சுரண்ட வேண்டாம், அது யாரையும் வழுக்கிவிடாது. அத்தை நடக்கும் மூன்றடிப் பாதையை மட்டும் இப்போது மாதம் ஒருமுறை கூட்டித் தேய்க்கிறேன்.