பழைய காரில் கைக்கு எட்டாத கேபின் ஃபில்டரை மாற்றுவது எப்படி?

ஃபேனைக் கடைசி நம்பரில் வைத்தாலும் காற்று சன்னமாகவே வருகிறதா? ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறதா? ஏ.சி. கேஸ் ஏற்றக் கிளம்பும் முன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள்.

பல கார்களில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினாலே ஃபில்டர் மூடி கண்ணில் பட்டுவிடும். பழைய கார்களில்தான் வம்பு. மூடிக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை ஓடும். இல்லையென்றால் ஃபில்டரே ஆக்ஸிலேட்டர் பெடலுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: கால் இன்ச் ராட்செட், 7, 8, 10 மி.மீ. சாக்கெட், 15 செ.மீ. எக்ஸ்டென்ஷன், டி20 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட், ப்ளஸ் ஸ்க்ரூ டிரைவர், தலையில் மாட்டும் டார்ச், பிளாஸ்டிக் நெம்பி. அரை இன்ச் ராட்செட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அந்த இடுக்கில் அது திரும்பாது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை நெம்பினால் பத்து வருட பிளாஸ்டிக் படக்கென்று உடையும். குளிர் நேரமென்றால் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டிவிட்டு நெம்பலாம்.

1. சாவியை எடுத்துவிடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் எதையும் தொடாதீர்கள், அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

2. க்ளவ் பாக்ஸ் வகை என்றால், ஓரத்தில் இருக்கும் கயிற்றையோ, பாக்ஸை மெதுவாக இறங்க வைக்கும் டாம்பரையோ முதலில் விடுவித்து, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்திக் கீழே இறக்குங்கள். குறுக்குப் பட்டை போல்ட்டில் நின்றால் கழற்றலாம். சர்வீஸ் மேனுவலே சொன்னாலொழிய அறுக்க வேண்டாம்.

3. பெடல் பக்கம் என்றால், சில மாடல்களில் பெடலையே கழற்றினால்தான் வழி கிடைக்கும். அதன் ஒயர் கனெக்டரைப் பிரித்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிடும். மூடி ஸ்க்ரூவை மறுபடி மாட்டும்போது அது கை நழுவி கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும். சாக்கெட்டுக்குள் சின்னக் காகிதத் துண்டை வைத்து, ஸ்க்ரூவின் தலையை அதில் இறுக்கமாகச் செருகினால் விழாது.

4. பழைய ஃபில்டரைச் சாய்க்காமல், மெதுவாக இழுங்கள். மேலே தேங்கிய சருகு ப்ளோயருக்குள் (காற்றை ஊதும் ஃபேன்) விழுந்தால் ஃபேன் போடும்போதெல்லாம் டர்ர் என்று சத்தம் வரும். வெளியே எடுத்ததும் அந்தக் குழியை வேக்குவமால் உறிஞ்சிவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அம்புக்குறியில். ஃபில்டர் ஓரத்தில் ‘ஏர் ஃப்ளோ’ என்று அம்பு இருந்தால், அது காற்று போகும் திசை. ‘அப்’ என்று இருந்தால், அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல. பழைய ஃபில்டரின் அம்பைப் பார்த்து அப்படியே மாட்டுவதும் ஆபத்து, போன முறை மாட்டியவரே தலைகீழாக மாட்டியிருக்கலாம். அம்பை விட அழுக்கை நம்புங்கள். எந்த முகம் அதிகக் கறுப்போ, காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பழைய ஃபில்டரின் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை, வெளியே எடுக்கும் முன்பே அதன் ஓரத்தில் மார்க்கரால் குறித்துவிடுங்கள். புதிய ஃபில்டரின் ‘ஏர் ஃப்ளோ’ அம்பு, அந்தக் கறுப்பு முகம் இருந்த இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்க வேண்டும்.

5. வழி குறுகலாக இருந்தால், ஓரம் வளையும் ஃபில்டரை அதன் மடிப்புகள் போகும் போக்கிலேயே லேசாக வளைத்து நுழைத்துவிடுங்கள். குறுக்கே மடக்கினால் காகிதம் கிழியும். கெட்டியான பிளாஸ்டிக் சட்டம் கொண்டது வளையாது. அதற்குப் பதில் இரண்டு துண்டாக வரும் ஃபில்டர் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். முதல் துண்டை உள்ளே விட்டு நகர்த்தி, அதன் பிறகு இரண்டாவதை விட வேண்டும்.

6. மூடியைப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். விசில் மாதிரி சத்தம் கேட்டால் மூடி சரியாக அமரவில்லை.

எந்த ஃபில்டர்? புகை, வாடை தொல்லை என்றால் கரித்தூள் சேர்த்தது. ப்ளோயர் ஏற்கெனவே தளர்ந்த காருக்குச் சாதாரண ஃபில்டரே மேல், கரி அடுக்கு காற்றைச் சற்றுத் தடுக்கும்.

பிற்சேர்க்கை: கழுவிப் போடலாமா என்றால், காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. கம்ப்ரஸர் காற்று அடித்தாலும் இழை கிழிந்து நுண்தூசி தாராளமாகப் போகும். புதியது வரும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவதும் வேண்டாம். தூசி நேராக ஈரமான கூலிங் காயிலில் ஒட்டிச் சேறாகும், அதைக் கழுவ டேஷ்போர்டையே இறக்க வேண்டி வரலாம்.