இடி மழையில் செத்துப்போன கேமிங் பிசி: புதுப் பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இடியோடு கோடை மழை இறங்கும். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அதற்குப் பிறகு பவர் பட்டனை அழுத்தியும் பிசி அசையாமல் கிடந்தால், உடனே புது மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் முக்கியப் பலகை) வாங்கக் கிளம்ப வேண்டாம். போனது எது என்று தெரியாமல் வாங்கினால் தண்டச் செலவுதான்.

படி 1: எஸ்எம்பிஎஸ்

வீட்டு கரண்டை மாற்றி மற்ற பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் ஃபேன் பக்கம் முகர்ந்து பாருங்கள். கருகிய வாசம் அடித்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் குட்டி உருளை) இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஃபேன் சுற்றினாலும் லோடு தாங்கும் என்று அர்த்தமில்லை. நண்பரிடமோ சர்வீஸ் கடையிலோ நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரி. அதன் கூடவே வந்த கேபிள்களைத்தான் மாட்ட வேண்டும். மாடுலர் கேபிள்கள் (கழற்றி மாட்டும் வகை) பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; தப்பாக மாட்டினால் நல்ல எஸ்எஸ்டியும் (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்) சேர்ந்து போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 2: மற்றவை

எஸ்எம்பிஎஸ் மாற்றியும் ஓடவில்லை என்றால், ஒரே ஒரு ராம் (மெமரி) மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். பல போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (சிஸ்டம் தொடங்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் கோளாறைத் தேட வேண்டும்.

படி 3: எதை வாங்குவது

எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் அதிலேயே தாராளமாகச் செலவு செய்யுங்கள். உதாரணமாக, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட்தான் இழுக்கும். அதன் கம்பெனியான என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தர முத்திரை) வாங்கினால் அடுத்த கார்டுக்கும் இடம் இருக்கும்.

மதர்போர்டு போயிருந்தால் யோசிக்க வேண்டும். பழைய ராம் டிடிஆர்4 வகை என்றால் அதைக் காப்பாற்றப் பாருங்கள். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 பிராசசர் வைத்திருப்பவர்கள் அதே சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) பி450, பி550 போர்டு வாங்கலாம்; ரைசன் 1000, 2000 வரிசை என்றால் பி550 மட்டும் வேண்டாம், அதில் ஓடாது. பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தால் பி450-லேயே ரைசன் 5 5600 ஓடும். 2022-ல் வந்த ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 மட்டும்தான், ராமும் புதிது வாங்கியாக வேண்டும். இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறை போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையும் உண்டு, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: கடை

உள்ளூரில் கிடைக்காததற்கு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பிராசசரையும் ராமையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் வராதீர்கள்.

படி 5: எர்த்

புதுப் பாகத்தை மாட்டும் முன் வயர்மேனை அழைத்து பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்தாக வேண்டும். நம் பக்கத்து வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும். கோடை முழுக்க அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். இடி இடித்தால் பிளக்கோடு லேன் கேபிளையும் (இன்டர்நெட் ஒயர்) பிடுங்கிவிடுங்கள், அந்த வழியாகவும் மின்சாரம் பாயும்.