அணு உலைப் பாகங்கள்: கோப்பு சரியாக இருந்தும் சரக்கு தவறாகப் போவது எப்படி?

அணு உலைக்குப் போகும் ஒவ்வொரு பாதுகாப்புப் பாகத்தோடும் ஒரு கோப்பு போகும். என்ன எஃகு, யார் சோதித்தார், என்ன முடிவு எல்லாம் அதில் இருக்கும். தரக் கட்டுப்பாடு கோட்டைவிட்ட பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், கோப்பைப் பார்த்த அளவுக்குப் பொருளை யாரும் பார்க்கவில்லை என்பது தெரியும்.

முதல் தவறு, சோதனை அறிக்கையைச் சப்ளையர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. 2013 மே மாதம் தென் கொரிய அணுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஷின்-கோரி, ஷின்-வோல்சோங் நிலையங்களின் நான்கு உலைகளில் போட்டிருந்த கட்டுப்பாட்டுக் கேபிள்களின் அறிக்கை போலி. உலையின் குளிர்விப்பு நீர் வெளியேறும் விபத்தில், நீராவியும் கதிர்வீச்சும் சூழ்ந்த நிலையிலும் பாதுகாப்புக் கருவிகளுக்கு உத்தரவைக் கொண்டுபோக வேண்டியவை அவை. சாதாரண நாளில் எந்தக் கேபிளும் வேலை செய்யும். மட்டமான கேபிள் விபத்தன்றுதான் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் அந்தச் சூழலை ஆய்வகத்தில் உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். கனடாவில் நடந்த சோதனையில் தேறாத மாதிரிகள், உள்ளூர்ச் சோதனை நிறுவனம் வழியாக அறிக்கை வந்து சேர்ந்தபோது தேறிவிட்டிருந்தன! இதைக் கண்டுபிடித்தது ஆடிட் இல்லை, பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவல். ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகள் நின்றன. அந்த ஆகஸ்டில் மின் பற்றாக்குறை முற்றி, அரசு அலுவலகங்களில் ஏசியை அணைக்கச் சொல்லும் நிலை வந்தது.

ஆய்வகத்துக்குப் பணம் யார் கொடுத்தாலும் சரி, அறிக்கையும் மூலத் தரவும் நேராக வாங்குபவருக்கு வர வேண்டும். அறிக்கை எண்ணைச் சொல்லி ஆய்வகத்தில் நேரடியாக விசாரிப்பது ஒரு நாள் வேலைகூட இல்லை.

“ஃப்யூஸ்தானே, சுவிட்ச்தானே” என்று விடுவது அடுத்த தவறு. அதே நாட்டில் 2012 நவம்பரில் யோங்க்வாங் நிலையத்தின் இரண்டு உலைகளை நிறுத்த வைத்தவை இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தான். எட்டு சப்ளையர்கள், 60 போலிச் சான்றிதழ்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். பொதுச் சந்தைச் சரக்கு அணு உலைக்கு ஏற்றதா என்று தனியாகச் சரிபார்த்துத் தர வேண்டிய சான்றிதழ்கள் அவை.

போலிக் கையெழுத்தே இல்லாமலும் தவறு நடக்கும். எளிதாகக் கைக்கு எட்டும் இடத்தில் அளப்பது அப்படிப்பட்டது. பிரான்சின் ஃபிளாமன்வில் 3 உலையில் எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் எஃகு உலைக்கலனின் மூடியையும் அடிப்பாகத்தையும் க்ரூஸோ ஃபோர்ஜ் ஆலை செய்தது. பெரிய எஃகு வார்ப்பு இறுகும்போது கரிமம் (கார்பன்) மேல்பகுதியில் சேரும். அதைப் போதுமான அளவு வெட்டி எறியாமல் அடித்து வடித்தால் மிச்சம் பாகத்தின் நடுவில் நிற்கும். 0.22 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.30 இருந்தது. கரிமம் கூடினால் எஃகு விரிசலைத் தாங்கும் திறன் குறையும். வேறொரு உலைக்காகச் செய்த இதே மாதிரி மூடியைப் பலிகொடுத்து நடுவில் வெட்டிச் சோதித்தபோது, எஃகுத் துண்டை அடித்து உடைக்க எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று பார்க்கும் தாக்கச் சோதனையில், 60 ஜூல் வேண்டிய இடத்தில் சராசரி 52தான் வந்தது.

இது வெளியே வந்தது 2015 ஏப்ரலில். உலைக்கலனையோ 2014 ஜனவரியிலேயே உலைக்குள் இறக்கி வைத்துவிட்டார்கள். முடிவு வருமுன் பொருத்தினால், “இது தகுதியானதா” என்ற கேள்வி “இதைக் கழற்றத்தான் வேண்டுமா” என்று மாறிவிடும். 2017-இல் அடிப்பாகம் தொடர்ந்து இருக்கலாம், மூடியைப் பிறகு மாற்ற வேண்டும் என்று பிரெஞ்சு அணுப் பாதுகாப்பு ஆணையம் கருத்துச் சொன்னது. என் பார்வையில் அந்தத் தொழில்நுட்ப முடிவு தவறில்லை. ஆனால் அதை அப்படி நெருக்கடியில் எடுக்க வைத்தது தவறு.

க்ரூஸோவைத் தோண்டியபோது இன்னொன்றும் கிளம்பியது. 2016-இல், சில பாகங்களுக்கு இரண்டு கோப்புகள் இருந்தது தெரிந்தது. குறை எழுதிய கோப்பில் கோடு போட்டு உள்ளே வைத்துக்கொண்டு, சுத்தமானதை வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தார்கள். குறையைச் சொன்னால் ஆர்டர் போகும் என்ற பயம் இருக்கும் ஆலையில் இது நடக்கும். ஆகவே குறையறிக்கையே அனுப்பாத சப்ளையருக்கு நல்ல மதிப்பெண் போடுவதற்கு முன், பட்டறைப் பதிவேட்டையும் அனுப்பிய கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சின் ஃபெஸன்ஹைம் 2 உலையில், நீராவியை உண்டாக்கும் கலன் ஒன்றில் இந்த ஒப்பீடு தாமதமாக நடந்தது. 2016 ஜூலையில் அதன் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள், உலை மறுபடி ஓட 2018 ஆகிவிட்டது.