பாரசீகக் குதிரைப்படை: எழுதும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரைச் சவாரி, வண்டிச் சவாரி, ஆட்டோவுக்குக் காலையிலிருந்து ஒரு சவாரிகூடக் கிடைக்கவில்லை என்ற புலம்பல்... இப்படி நம் வாயில் புழங்கும் 'சவாரி' பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஈரானின் நக்ஷ்-இ ருஸ்தம் பாறையில் பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் தன் கல்லறை முகப்பில் பொறித்து வைத்த கல்வெட்டில் அதன் மூதாதையைப் பார்க்கலாம். குதிரைவீரனாக நான் நல்ல குதிரைவீரன், தரையில் நின்றாலும் குதிரைமேல் இருந்தாலும் நல்ல வில்லாளி என்கிறார் அவர். பழம்பாரசீகத்தில் குதிரைவீரனுக்கு 'அசபார' என்று பெயர். 'அச' என்றால் குதிரை, நமக்குத் தெரிந்த அசுவத்தின் உறவுக்காரச் சொல்.

நம் பேச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்ட இந்த வீரர்களைப் பற்றி எழுதும்போது அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுத, பிழையும் கூடவே பயணிக்கிறது. இவ்வளவு அருமையான வரலாறு அப்படிக் கலங்கிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெரிய தவறு, 'பாரசீகப் படை' என்று ஒரே படை இருந்ததாக நினைப்பது. அடுத்தடுத்து மூன்று அரசகுலங்கள் ஆண்டன. டேரியஸின் குலமான அகாமனிசியர் கி.மு. 550 வாக்கில் எழுந்து கி.மு. 330-ல் அலெக்சாந்தரிடம் வீழ்ந்தார்கள். பார்த்தியர் கி.மு. 247-லிருந்து கி.பி. 224 வரை. அவர்களை வீழ்த்திய சாசானியர் அரபுப் படைகளால் கி.பி. 651-ல் முடிவுக்கு வந்தார்கள். மொத்தம் 1,200 ஆண்டுகள். சங்க காலத்து வேந்தர் படையையும் விஜயநகரப் படையையும் ஒரே படத்தில் நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? டேரியஸின் வீரனுக்கு முகம் மறைக்கும் சங்கிலிக் கவசம் போட்டுவிடுவதும் அப்படித்தான். எந்த நூற்றாண்டு என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது 'அமரர் படை'. குதிரைமேல் பாய்ந்து வரும் முகமூடி வீரர்களாக இவர்களை வரைகிறார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது வேறு. கி.மு. 480-ல் பாரசீக மன்னர் செர்க்சஸோடு கிரேக்கத்துக்குப் போன அந்த 10,000 பேரும் காலாட்படை. ஒருவர் இறந்தாலோ நோயில் விழுந்தாலோ உடனே இன்னொருவரைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டதால் அந்தப் பெயர் என்கிறார். அவர்களில் 1,000 பேரின் ஈட்டி அடியில் தங்க மாதுளை, மற்ற 9,000 பேருக்கு வெள்ளி மாதுளை. சூசா அரண்மனையின் வண்ண மெருகுச் செங்கல் சுவரில் இருந்த காவல் வீரர்களைப் பார்த்தால் நீண்ட அங்கி, தோளில் வில்லும் அம்பறாத்தூணியும், கையில் ஈட்டி. முகமூடி எங்கும் இல்லை.

சரி, செர்க்சஸின் ஊர்வலத்தில் சிறப்புக் குதிரைப்படையே இல்லையா? இருந்தது. பாரசீகர்களிலிருந்து பொறுக்கியெடுத்த 1,000 குதிரைவீரர்கள் மன்னருக்கு முன்னே, இன்னொரு 1,000 பேர் பின்னே என்று அதே ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அமரர் என்ற பெயரின் பளபளப்பில் அவர்கள் மறைந்துபோனார்கள். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து, கி.பி. 530-ல் தாரா கோட்டைப் போரில், சாசானியரிடம் 'அமரர்' என்ற பெயரில் ஒரு பிரிவு இருந்ததாக பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதுகிறார். அவர்கள் குதிரைவீரர்கள். பெயர்தான் ஒன்று, படை வேறு.

கவசம் பூண்ட குதிரைவீரன் பார்த்தியர் காலத்தில்தான் வந்தான் என்பதும் சரியல்ல. கி.மு. 479-ல் கிரேக்கத்தின் பிளாட்டியாவில் பாரசீகக் குதிரைப்படைத் தலைவர் மசிஸ்தியஸ், அம்பு தைத்த நிசாய இனக் குதிரை துள்ளி நின்றதில் கீழே விழுகிறார். ஏதென்ஸ் வீரர்கள் மேலே பாய்ந்து குத்துகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. செந்நீல அங்கிக்குள் தங்கச் செதில் கவசம். விஷயம் புரிந்த ஒருவன் கண்ணில் குத்திய பிறகுதான் உயிர் போனது. கி.மு. 401-ல் குனாக்சா போரில் பாரசீக இளவரசர் இளைய சைரஸைச் சூழ்ந்திருந்த 600 குதிரைவீரர்களுக்கு மார்புக் கவசம், தொடைக் கவசம், தலைக்கவசம் எல்லாம் இருந்தன. குதிரைகளுக்கும் நெற்றியிலும் மார்பிலும் கவசம். உடனிருந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதிய செய்தி இது. அப்புறம் அலெக்சாந்தரோடு மோதிய 'உறவினர்' குதிரைப்படை. அது மன்னர் கொடுத்த மரியாதைப் பட்டம், எல்லாரும் ரத்த உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையம்; அதன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஓவியர்கள் டேரியஸ் காலத்து வீரனின் காலடியிலும் அங்கவடியைத் தொங்கவிடுகிறார்கள். மறுபக்கம், அங்கவடி இல்லாமல் ஈட்டியோடு மோதவே முடியாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஈரானின் ஃபிரூசாபாத் பாறைச் சிற்பத்தைப் பார்த்தால் இரண்டும் உதிர்ந்துவிடும். கி.பி. 224-ல் கடைசிப் பார்த்திய மன்னரை முதல் சாசானிய மன்னர் அர்தஷீர் வென்ற போர் அதில் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை, நீண்ட ஈட்டி, அது பட்டு குதிரையோடு தலைகுப்புறச் சாயும் எதிரி. ஆனால் வீரர்களின் பாதம் விரல்நுனி கீழே பார்க்கத் தொங்குகிறது, அங்கவடி கிடையாது. முன்னும் பின்னும் உயர்ந்த சேணமும் தொடையின் பிடியும் சிறுவயதிலிருந்து வந்த பழக்கமும் அந்த வேலையைச் செய்தன.

கார்ரே போரைப் பற்றி எழுதுபவர்கள் முழுக்கவசக் குதிரைவீரர்களுக்கே வெற்றியைக் கொடுத்துவிடுகிறார்கள். கி.மு. 53-ல் கிராசஸின் ரோமப் படை அங்கே நொறுங்கியது, 20,000 பேர் இறந்தார்கள், 10,000 பேர் பிடிபட்டார்கள் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் முழுக்கவச வீரர்கள் ஏறக்குறைய 1,000 பேர்தான். குதிரைமேல் இருந்து வில்லடிப்பவர்களோ அதைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்பது பொதுவான கணக்கு. அம்பு தீர்ந்தால் பிழைத்தோம் என்று ரோமர்கள் காத்திருந்தார்கள். அம்புக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஒட்டகங்கள் வரிசையாக நிற்பதும், அம்பு தீர்ந்த வீரர்கள் போய்ப் போய் நிரப்பிக்கொள்வதும் தெரிந்ததும் நம்பிக்கை போய்விட்டது. இரும்புக் கவசக்காரர்கள் எதிரே நின்றதால் ரோமர்கள் கலைந்து ஓடவும் முடியவில்லை, நெருங்கி நின்றால் அம்புமழை. இந்த இரண்டும் சேர்ந்துதான் கொன்றது. ஒட்டகக்காரர்களை விட்டுவிட்டு இந்தப் போரை எழுதவே கூடாது என்பேன். இன்னொன்று, சுரேன் என்பது குடும்பப் பெயர். அந்தத் தளபதியின் சொந்தப் பெயராக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கவசக்காரர்கள் வெல்ல முடியாதவர்களும் இல்லை. கார்ரேயிலேயே கிராசஸின் மகனோடு வந்த, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் குதிரைவீரர்கள் அவர்களின் நீண்ட ஈட்டியைக் கையால் பற்றி இழுத்துக் கீழே தள்ளினார்கள், குதிரையின் வயிற்றடியில் புகுந்து குத்தினார்கள். கி.மு. 38-ல் வடசிரியாவில் மேட்டில் இருந்த ரோம முகாமை நோக்கி ஏறிப் போன பார்த்தியர் தோற்றார்கள். இளவரசர் பக்கோரஸ் அங்கே இறந்தார்.

அருங்காட்சியகப் படங்களிலும் கவனம் வேண்டும். யூப்ரடீஸ் கரையின் துரா-யூரோப்போஸில் கிடைத்த செதில் குதிரைக் கவசத்தைப் 'பாரசீகக் கவசம்' என்று போடுகிறார்கள். அது கிடைத்தது, ரோமக் காவல்படை வசம் இருந்து, கி.பி. 256 வாக்கில் சாசானியரிடம் விழுந்த நகரத்தின் கோபுரம் ஒன்றில்.

சாசானியப் படையைப் பற்றி எழுதும்போது 'சவாரான்' என்பதை ஒரு ரெஜிமெண்ட்டின் பெயர்போலப் பயன்படுத்துவதும் பரவிவிட்டது. 'அஸ்வாரான்' என்றால் அந்தக் காலத்து மொழியில் குதிரைவீரர்கள், அவ்வளவுதான்.

அவர்கள் எல்லாரும் சொந்தச் செலவில் வந்த பிரபுக்கள் என்பதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. சாசானிய மன்னர் முதலாம் குஸ்ரோ (531–579) படைக்குச் சம்பளமும் தணிக்கையும் ஏற்படுத்தினார். அந்தத் தணிக்கையைப் பற்றிப் பிற்கால வரலாற்றாசிரியர் தபரி சொல்லும் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பொறுப்பு பாபக் என்ற அதிகாரியிடம். குதிரைக்குக் கவசம், வீரனுக்குச் சட்டைக் கவசம், மார்புக் கவசம், காலுக்குக் கவசம், வாள், ஈட்டி, கேடயம், கதாயுதம், நாணேற்றிய இரண்டு வில், 30 அம்பு, தலைக்கவசத்தின் பின்னே தொங்கவிட இரண்டு உபரி நாண் என்று பட்டியல். ஒன்று குறைந்தாலும் பதிவு கிடையாது. படை வந்தது, மன்னர் வரவில்லை. பாபக் எல்லாரையும் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், முடி தரித்தவர்கூட விலக்கில்லை என்று அறிவித்தார். குஸ்ரோ முழுக் கவசத்தில் வந்து நின்றார். பாபக் மேலும் கீழும் பார்த்தார். இரண்டு உபரி நாண்களைக் காணோம். குஸ்ரோ அவற்றைத் தொங்கவிட்டுக்கொண்ட பிறகே பெயர் பதிவானது. வீரனுக்கு உச்ச சம்பளம் 4,000 திர்ஹம் (வெள்ளிக் காசு), மன்னருக்கு 4,001.