பட்டைகளை உடைத்த 64 மில்லிமீட்டர்
பினாங்கு லெபு பாசாரில் ஒரு கடைவீட்டுக்கு, ஐந்தடி நடைபாதைக்கு மேல் வெயில் மறைப்பு. கிராஸ்ஹாப்பரில் (ரைனோ 3டி மென்பொருளுக்குள் வடிவங்களை ஸ்கிரிப்டால் உருவாக்கும் கருவி) மறைப்பின் பட்டைகளின் சாய்வை வெயில் கோணத்தோடு இணைத்துவிட்டேன். ஆனால் திரையில் 20 மில்லிமீட்டர் பட்டைகள் சில நசுங்கின, சில படிக்கட்டுபோல் உடைந்தன. நிழல் ஆய்விலும் ஓட்டை.

நான்கு நாள் போனது. டாலரன்ஸை (மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பிழை அளவை) குறைத்தேன், கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், ஸ்கிரிப்டையே புதிதாகப் போட்டேன். ஒன்றும் உதவவில்லை.

ஒரு விஷயம்தான் உறுத்தியது: உடைந்து தெரிந்த பட்டையை அளந்தால் சரியாக 20 காட்டியது. அப்படியென்றால் வடிவம் சரி, அதைத் திரையில் காட்ட அதிலிருந்து உருவாகும் மெஷ் (சிறு தட்டைத் துண்டுகளால் ஆன வலை)தான் தப்பு. முனை ஒன்றின் ஆயத்தொலைவைப் பார்த்தேன். நில அளவைக் கோப்பு, மலேசிய வரைபடங்களுக்கான ஆர்எஸ்ஓ ஆய முறையில் வந்திருந்தது. வடக்கு எண் சுமார் 600 மில்லியன் மில்லிமீட்டர்! திரைக்கான மெஷ் 32 பிட் எண்களில் இயங்குகிறது. அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே 64 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் 20 எப்படி நிற்கும்?

மனையின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்லாக் கோடுகளையும் ஆதிப்புள்ளிக்கு நகர்த்தினேன். பட்டைகள் உடனே நேராகின. அப்பாடா! நில அளவையாளருக்குப் போகும் கோடுகளை மட்டும் அதே நகர்வு வெக்டரை (எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதை) திருப்பிப்போட்டுப் பழைய இடத்துக்கு அனுப்புகிறேன். அந்த வெக்டரைக் கோப்புக்குள்ளேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.