ஆயிலில் ஜிகினா மின்னினால் செய்யக் கூடாதவை

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். “அண்ணே, ஆயிலை இறக்கினேன், ஜிகினா கொட்டின மாதிரி மின்னுது. எஞ்சின் போச்சுன்னு நினைக்கிறேன், ஹெட்டைக் கழட்டவா?” இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வெளிநாட்டு எஞ்சின். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் தொட்டால் கேஸ்கெட், போல்ட் எல்லாமே வெளியூரிலிருந்து வர வேண்டும்.

பழைய ஃபில்டர் எங்கே என்றேன். கழிவு ஆயில் டிரம்மில் போட்டுவிட்டானாம். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். வடித்த ஆயில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் கிடந்ததை மட்டும் காட்டும். போன ஆயில் சேஞ்சிலிருந்து எஞ்சினுக்குள் சுற்றிய உலோகத் துகளையெல்லாம் பிடித்து வைத்திருப்பது ஃபில்டர்தான். “டிரம்முக்குள்ள கையை விட்டு எடுடா, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போவதற்குள் அடுத்த தவறுக்கும் தயாராக இருந்தான்: ஹேக்ஸா பிளேடால் ஃபில்டர் டப்பாவை அறுக்கப் பார்த்தான். அறுத்தால் விழும் இரும்புத்தூளை எஞ்சின் தூளிலிருந்து எப்படிப் பிரிப்பது? டப்பா ஃபில்டர் என்றால் அதற்கென்று விற்கும் கட்டர்தான் வேண்டும். அது டின் திறப்பது மாதிரி தூள் போடாமல் வெட்டும். உள்ளே காகிதம் மட்டும் உள்ள வகை என்றால் வேலை இன்னும் சுலபம். கூர்மையான கத்தியால் மடிப்புக் காகிதத்தை இரு ஓரமும் அறுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரிக்க வேண்டும். ஆயில் வெளியிலிருந்து உள்ளே போவதால், துகள் மடிப்பின் வெளிப்பக்கம்தான் தங்கும். அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வடித்த ஆயிலையும் சும்மா ஊற்றிவிடாதீர்கள், பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வெள்ளை வேட்டி; சுங்குடி வேண்டாம், புள்ளி எது பொடி எது என்று தெரியாமல் போகும்.

அப்புறம் காந்தம். எல்லாரும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நேரே ஆயிலில் முக்கி எடுத்து, “ஒட்டுதுண்ணே, இரும்புதான்” என்பார்கள். ஆயில் பிசுக்கில் எதுவும் ஒட்டும், அலுமினியம்கூட. துகளை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, காந்தத்தைப் பாலித்தீன் கவரில் சுற்றிக் காட்ட வேண்டும். கவரை உருவினால் இரும்பு தனியாக விழும். மிச்சத்தை நிறம் பார்த்துப் பிரிக்கலாம். வெள்ளையாக, நகத்தால் கீறினால் பள்ளம் விழும் மெல்லிய செதில் என்றால், கிராங்க் தண்டு சுழலும் இடத்தில் இருக்கும் மெல்லிய தகடான பேரிங் ஷெல்லின் மேல்பூச்சாக இருக்கலாம். செம்பு நிறமும் கலந்து வந்தால் அந்தப் பூச்சு தேய்ந்து அடுத்த அடுக்கு வரை போயிருக்கலாம். அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். அலுமினியமா என்ற சந்தேகத்துக்கு ஒரு சோதனை: காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு துகளைப் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் பக்கத்தில் பீடி நெருப்புக்கூட ஆகாது. நுரைத்தாலும் அது பிஸ்டனிலிருந்து வந்ததா, அலுமினியக் கலவை பேரிங்கிலிருந்து வந்ததா என்று இந்தச் சோதனை சொல்லாது.

வடிவத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. சுருள் சுருளாக இருந்தால் பெரும்பாலும் ஆயில் வடிக்கக் கழட்டும் ட்ரெயின் போல்ட்டின் மரை அறுந்து விழுந்த சீவல். கறுப்போ பழுப்போ பிளாஸ்டிக் துண்டு வந்தால் டைமிங் செயினை வழிநடத்தும் கைடைச் சந்தேகப்படுங்கள். ரப்பர் புழு மாதிரி கிடப்பது யாரோ அள்ளி அப்பிய சிலிக்கான் பேஸ்ட். அது உலோகமே இல்லை என்று சிரித்துவிடாதீர்கள்; ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்தால் உலோகத்தைவிட மோசம். காந்த ட்ரெயின் போல்ட்டில் சாம்பல் நிறத்தில் கண்மை மாதிரி படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் குறுகுறுவென்று நெருடினால்தான் கவலை.

வண்டியின் பெயரைக் கேட்டதும் நோயின் பெயரைச் சொல்லிவிடுவது இன்னொரு வழக்கம். போர்ஷே என்றால் ‘ஐஎம்எஸ் பேரிங்’ என்பார்கள், அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். 1997 பாக்ஸ்டரோடு வந்த எம்96 வகை எஞ்சின்களில் அந்தக் குறை உண்மைதான். ஆனால் அதே காலத்து 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் இருந்தது வேறு எஞ்சின், இந்தப் பேரிங் அதில் கிடையாது. எம்96-இலேயே சிலிண்டர் சுவரில் கீறல் விழும் தொல்லையும் உண்டு. பேரிங் உடைந்தால் காந்தத்தில் ஒட்டும் எஃகுத் துணுக்கு வரும். கீறலை ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் வாய் ஜோசியம் எதற்கு?

ஆய்வுக்கூடத்துக்கு ஆயில் அனுப்புவது நல்லதுதான், ஆனால் அதன் எல்லை தெரிந்து அனுப்ப வேண்டும். வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை சில மைக்ரான் அளவுள்ள நுண்துகளைத்தான் எண்ணும். கண்ணுக்குத் தெரியும் செதில் அதில் கணக்காகாது. ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிட்டது என்று கிளம்பி, கொடைக்கானல் மலையில் பாதியில் நின்றால் கூடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சூடான எஞ்சினில், பாதி ஆயில் வடிந்த பிறகு, சுத்தமான புது பாட்டிலில் பிடியுங்கள். காலி குளிர்பான பாட்டில் ஆகாது.

ஃப்ளஷ் ஆயில் ஊற்றிக் கழுவுவதும், ‘சத்தம் வருதான்னு ஒரே ஒரு தடவை’ ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். ஒன்று சாட்சியைக் கழுவிவிடும், மற்றது கிராங்கைத் தின்றுவிடும்.

திருமங்கலம் வண்டிக்கு வருகிறேன். ஃபில்டரின் வெளியெல்லாம் டிரம் அழுக்கு. துடைத்துவிட்டு கட்டரில் திறந்தால், மடிப்பில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. மின்னியதோ பித்தளைப் பொடி, காந்தத்துக்கு அசையவில்லை. எஞ்சினுக்குள் அது சுற்றியிருந்தால் ஃபில்டரில் விழாமல் எங்கே போகும்? “இந்தத் தட்டுல இதுக்கு முன்னாடி என்னடா வடிச்ச?” கொஞ்சம் யோசித்தான். “முந்தாநாள் ஒரு வேன் கியர்பாக்ஸ் ஆயில்ணே.” தட்டைத் துடைக்காமல் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் தள்ளியிருக்கிறான். மின்னியது வேனின் கியர்பாக்ஸில் கியர் மாற உதவும் பித்தளை வளையமான சின்க்ரோ ரிங்கின் பொடி. அவன் முகத்தில் அசடு வழிந்தது. காரின் ஓனர் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. பேரிங் நிஜமாகவே போன எஞ்சினைக் கிராங்கைச் சாணை பிடிக்கும் கிராங்க் கிரைண்டிங் வரை போய்ச் சரிசெய்துவிட்டு, ஆயில் கூலரை மட்டும் பழையதையே மாட்டுவார்கள். சம்ப்பில் ஆயிலைத் தேக்காத டிரை சம்ப் வண்டிகளில் தனி ஆயில் டேங்க்கும் நீளமான ஹோஸ்களும் உண்டு, அவற்றிலும் பழைய துகள் தங்கும். கூலரின் குறுகிய குழாய்களுக்குள் புகுந்ததை முழுசாகக் கழுவி எடுப்பது மிகக் கஷ்டம். புதுக் கூலர் விலை சொன்னால் ஓனருக்கு மூச்சு முட்டும்தான். நான் பழையதை மாட்டித் தர மாட்டேன்.